கையை எடுக்காமல் மூன்று நிமிடம்: பதின்பருவத்தினருக்கு ரத்தப்போக்கு முதலுதவி

முதல் நாற்பது நொடி யாருக்கும் சிரமமாக இருப்பதில்லை. தொடை அளவுக்குத் தடித்த ஒரு ஸ்பாஞ்சு உருளை, அதில் இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு ஒரு பொத்தல், பொத்தலுக்குள் திணித்த காஸ் துணி, அதன் மேல் இரண்டு உள்ளங்கைகள். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் வட்டமாக மண்டியிட்டு அழுத்திக்கொண்டிருப்பார்கள். பேச்சும் சிரிப்பும் இருக்கும். ஒரு நிமிடம் தாண்டியதும் தோள்பட்டை கடுக்கத் தொடங்கும், நேராக இருந்த முழங்கைகள் ஒவ்வொன்றாக மடங்கும். ஒன்றரை நிமிடத்தில் யாராவது ஒருவர் கையை லேசாகத் தூக்கித் துணிக்கு அடியில் எட்டிப் பார்ப்பார். ஏன் எடுத்தாய் என்று கேட்டால், "நின்னுடுச்சான்னு பார்த்தேன்" என்பார்.

நான் நடத்திய வகுப்புகளில் இது நடக்காத வகுப்பு என்று ஒன்று இல்லை. பாடமே அந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். கடுமையான ரத்தப்போக்கை நிறுத்துவது எப்படி என்ற தகவலைப் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம். எதிரில் ஒருவர் வலியில் கத்திக்கொண்டிருக்கும்போது, வேலை செய்கிறதா இல்லையா என்றே தெரியாத நிலையில், அழுத்திய கையை எடுக்காமல் இருப்பதுதான் கடினம். பதின்பருவத்தினருக்குக் கற்றுத்தர வேண்டியது பெரும்பாலும் இந்த ஒன்றைத்தான். இதை வாயால் சொல்லிக் கொடுக்க முடியாது.

உடலுக்குள் என்ன நடக்கிறது

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. ஓய்வாக இருக்கும்போது இதயம் ஒரு நிமிடத்தில் வெளியே தள்ளுவதும் கிட்டத்தட்ட அதே 5 லிட்டர். அதாவது உடலில் உள்ள மொத்த ரத்தமும் நிமிடத்துக்கு ஒரு முறை சுற்றி வருகிறது. தொடையில் ஓடும் பெருந்தமனி முழுதாக அறுபட்டால் மூன்று முதல் ஐந்து நிமிடங்களுக்குள் உயிர் போய்விடலாம் என்று மருத்துவர்கள் சொல்வது மிகையல்ல. இந்தக் கணக்கைப் பார்த்தாலே புரியும். அந்த நேரத்துக்குள் ஆம்புலன்ஸ் வந்து சேரும் இடங்கள் உலகில் மிகக் குறைவு. எவ்வளவு நல்ல அவசர சேவை இருந்தாலும், முதல் சில நிமிடங்கள் பக்கத்தில் நிற்பவருடையவை.

பிள்ளைகளுக்கு ரத்தத்தின் அளவு இன்னும் குறைவு. ஒரு கிலோ எடைக்குச் சுமார் 70 மில்லி என்று கணக்கு வைத்துக்கொண்டால், 50 கிலோ எடையுள்ள ஒரு மாணவியின் உடலில் இருப்பது மூன்றரை லிட்டர். அதில் 15 சதவீதம் வரை இழந்தால் உடல் சமாளித்துக்கொள்ளும். வெளியே பெரிதாக எதுவும் தெரியாது. 30 சதவீதத்தைத் தாண்டும்போது ரத்த அழுத்தம் சரிகிறது. தோல் வெளிறிச் சில்லிடும், நாடி படபடக்கும், பேச்சு குழறும், கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பார். இளம் உடலில் ஓர் ஆபத்து உண்டு. ரத்தக் குழாய்களைச் சுருக்கி நெடுநேரம் தாக்குப்பிடிக்கும், பிறகு சட்டென்று சரியும். "நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தான்" என்று பிறகு சொல்கிறோமே, அதன் பின்னால் இருப்பது இதுதான்.

சிறிய வெட்டுக்காயம் தானாகவே நின்றுவிடுவது எப்படி? அறுபட்ட குழாய் முதலில் சுருங்கும். ரத்தத் தட்டணுக்கள் வந்து ஒட்டும். அவற்றின் மேல் ஃபைப்ரின் என்ற புரத இழைகள் வலைபோலப் பின்னிக்கொள்ளும். பெரிய குழாய் அறுபட்டாலும் உடல் இதையேதான் செய்ய முயல்கிறது. ஆனால் பாய்ந்து வரும் ரத்தம் ஒட்டியதையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. நாம் அழுத்தும்போது பாய்ச்சல் குறைகிறது, உறைவுக்கு உட்கார இடமும் நேரமும் கிடைக்கிறது. அந்த மாணவன் எட்டிப் பார்த்தானே, அப்போது நிஜக் காயமாக இருந்திருந்தால், அரைகுறையாகப் பின்னிய அந்த மெல்லிய வலை துணியோடு சேர்ந்து பிய்ந்து வந்திருக்கும். இதை இப்படி விளக்கிச் சொன்ன பிறகு, இரண்டாம் சுற்றில் எட்டிப் பார்ப்பவர்கள் பாதியாகக் குறைவதைக் கண்டிருக்கிறேன். பதின்பருவத்தினருக்குக் கட்டளையைவிடக் காரணம் நன்றாக வேலை செய்கிறது.

கூடவே இன்னொன்றும் சொல்ல வேண்டும். உடல் குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது. உறைதலை நடத்தும் நொதிகள் வெப்பத்தை நம்பியிருப்பவை. அதனால் அடிபட்டவரின் மேல் ஒரு போர்வையோ சட்டையோ போர்த்துவதும், முடிந்தால் வெறுந்தரைக்கும் உடலுக்கும் நடுவே எதையாவது விரிப்பதும் சிகிச்சையின் பகுதிதான். அழுத்தத் தைரியம் இல்லாத பிள்ளைக்குக் கொடுக்க உகந்த வேலை இது.

ஏன் இந்த வயதில்

5 முதல் 29 வயது வரையுள்ளவர்களின் மரணத்துக்கு முதன்மைக் காரணம் சாலை விபத்து என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆண்டுக்கு ஏறக்குறைய 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் சாலைகளில் இறக்கிறார்கள். இளைஞர் ஒருவர் அடிபட்டு விழும்போது பக்கத்தில் இருப்பது யார்? அநேகமாக அதே வயதுத் தோழர்கள்தான். வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தவன், சேர்ந்து நடந்துகொண்டிருந்தவள், விளையாட்டுத் திடலில் கூட நின்றவன். அவர்களுக்குக் கற்றுக்கொடுக்காமல், அங்கே இல்லாத பெரியவர்களுக்கு மட்டும் கற்றுக்கொடுத்து என்ன பயன்?

உடல்வலு போதுமா என்ற சந்தேகம் இயல்பு. அழுத்துவதற்குக் கைவலு தேவையில்லை, உடல் எடை போதும். முழங்கையை நீட்டி, தோளைக் காயத்துக்கு நேர் மேலே கொண்டுவந்து சாய்ந்தால் 40 கிலோ எடையுள்ள பிள்ளையாலும் போதிய அழுத்தம் தர முடியும். கீழே தரை கெட்டியாக இருக்க வேண்டும். மெத்தை மேலும் இருக்கை மேலும் அழுத்தம் வீணாகிவிடும்.

இதயத் துடிப்பு நின்றுபோனவருக்கான முதலுதவியில் உலகம் ஏற்கெனவே இந்த முடிவுக்கு வந்துவிட்டது. 12 வயதிலிருந்து ஆண்டுக்கு இரண்டு மணி நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதய உயிர்ப்பிப்பு (சிபிஆர்) பயிற்சி தர வேண்டும் என்ற 'கிட்ஸ் சேவ் லைவ்ஸ்' அறிக்கையை 2015இல் உலக சுகாதார நிறுவனம் ஆதரித்தது. இங்கிலாந்தில் அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளில் 2020 செப்டம்பர் முதல் சுகாதாரக் கல்வியின் பகுதியாக முதலுதவி கட்டாயமாயிற்று. ரத்தப்போக்கு மட்டும் பல பாடத்திட்டங்களில் ஒட்டுப்போட்ட பேண்டேஜ் படத்தோடு நின்றுபோகிறது. விரலில் வெட்டுப்பட்டால் கழுவிக் கட்டுவதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, தொடையில் வெட்டுப்பட்டால் என்ன செய்வது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

அமெரிக்காவில் இந்த இடைவெளியை நிரப்பியது ஒரு பெருந்துயரம். 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு அறுவை சிகிச்சை நிபுணர்கள் 2013இல் ஹார்ட்ஃபோர்டில் கூடி, ரத்தப்போக்கை நிறுத்தும் அறிவு பொதுமக்கள் கையில் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். 2015 அக்டோபரில் 'ஸ்டாப் த ப்ளீட்' இயக்கம் தொடங்கியது. 2019இல் டெக்சஸ் மாநிலம் ஒரு சட்டம் இயற்றி, பள்ளிகளில் ரத்தப்போக்குப் பெட்டிகள் வைக்கவும், ஏழாம் வகுப்பும் அதற்கு மேலும் படிக்கும் மாணவர்களுக்குப் பயிற்சி அளிக்கவும் வழி செய்தது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களை மனதில் வைத்தே தயாரிக்கப்பட்ட 'ஃபர்ஸ்ட் எய்ட் ஃபார் சிவியர் ட்ராமா' என்ற பாடமும் பிறகு வந்தது. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் அதை இளையோருக்கு இலவசமாகத் தருகிறது.

துப்பாக்கிச் சூட்டிலிருந்து பிறந்ததால் இந்தப் பயிற்சியின் மேல் ஒரு நிழல் விழுந்திருக்கிறது. "பிள்ளைகளைப் பாதுகாக்க வேண்டிய பெரியவர்கள், அவர்களிடமே காயத்தைக் கட்டச் சொல்கிறார்கள்" என்று கோபப்படும் பெற்றோர் இருக்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கேள்வி வன்முறையைத் தடுக்கவேண்டியவர்களை நோக்கிப் போக வேண்டியது. வகுப்பறையில் கற்ற கைகள் பெரும்பாலும் பயன்படப்போவது உடைந்த கண்ணாடிக் கதவிலும், கவிழ்ந்த இருசக்கர வண்டியிலும், பட்டறை இயந்திரத்தின் பக்கத்திலும்தான்.

எது கடுமையான ரத்தப்போக்கு

பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி இது. அவர்கள் சரியான கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ரத்தம் பீறிட்டு அடிக்கிறது, தரையில் தேங்குகிறது, உடுத்த துணி நனைந்து மேலும் பரவுகிறது, கையோ காலோ ஒரு பகுதி துண்டாகிவிட்டது, அடிபட்டவர் குழம்பிப் பேசுகிறார் அல்லது மயங்குகிறார். இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்கக் கூடாது.

அளவைக் கண்ணால் கணிப்பதில் பெரியவர்களே தடுமாறுகிறோம். வகுப்பில் அரை லிட்டர் சிவப்புத் தண்ணீரை ஓடு பதித்த தரையில் ஊற்றினால் பிள்ளைகள் இரண்டு லிட்டர், மூன்று லிட்டர் என்பார்கள். அதே அரை லிட்டரை மடித்த கம்பளியில் ஊற்றினால் ஒரு கோப்பை என்பார்கள். தரையில் பரவியது பயமுறுத்துகிறது, துணி குடித்தது ஒளிந்துகொள்கிறது. அதனால்தான் கறுப்புக் கால்சட்டைக்குள்ளும் தடித்த மேற்சட்டைக்குள்ளும் கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும், துணியைக் கிழித்தோ வெட்டியோ காயத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று சொல்கிறோம். காயம் எங்கே என்று தெரியாமல் அழுத்துவது வீண். வகுப்பில் தண்ணீர் ஊற்றிக் காட்டும் இந்த ஒரு சோதனைக்குப் பத்து நிமிடம் செலவாகும். செலவழிக்கலாம், தவறில்லை.

அழுத்து, திணி, கட்டு

செயல்கள் மூன்றுதான். அவற்றுக்கும் முன்னால் அவசர எண்ணுக்கு அழைக்கச் சொல்வது. தனியாக இருந்தால் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டுக் கைகளைக் காயத்துக்குக் கொடுப்பது. கையுறை இருந்தால் அணியலாம். இல்லையென்றால் ஒரு பிளாஸ்டிக் பை போதும். அதுவும் இல்லையென்றால், காயமில்லாத தோலில் பட்ட ரத்தத்தால் நோய் தொற்றும் வாய்ப்பு மிக மிகக் குறைவு, பிறகு சோப்பு போட்டு நன்றாகக் கழுவிக்கொள்ளலாம் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பல பிள்ளைகள் தயங்கி நிற்பது இந்த ஒரு பயத்தால்தான், ஆனால் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள்.

அழுத்துவதைப் பற்றிச் சொல்லிவிட்டேன். துணி நனைந்தால் அதன் மேல் இன்னொரு துணி வைத்து அழுத்தலாம். அப்படியும் ஒழுகிக்கொண்டே இருந்தால் அழுத்தும் இடம் சரியில்லை என்று பொருள். ஊற்று எங்கே என்று பார்த்து அங்கே இன்னும் பலமாக அழுத்த வேண்டும். அடிபட்ட கையையோ காலையோ உயரத் தூக்கிப் பிடிப்பதும், தூரத்து நாடியை அமுக்குவதும் பழைய பாடப்புத்தகங்களில் உண்டு. அவை பலன் தரும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்க இதயச் சங்கத்தின் 2010 முதலுதவி நெறிமுறைகள் அவற்றைக் கைவிட்டன. நேரடி அழுத்தத்தைத் தளர்த்திவிட்டு இவற்றில் இறங்குவது ஆபத்து. உடலில் குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்கக் கூடாது. அதுவே ஓர் அடைப்பாக இருக்கலாம். அதைச் சுற்றித்தான் அழுத்த வேண்டும்.

தொடை இடுக்கு, அக்குள், தோள் போன்ற இடங்களில் காயம் ஆழமாக இருந்தால் மேலே அழுத்துவது மட்டும் போதாது. ரத்தம் உள்ளே ஒரு குழியில் கொட்டிக்கொண்டிருக்கும். அங்கே காஸ் துணியை விரலால் உள்ளே தள்ளித் திணிக்க வேண்டும். ஒரு விரல் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க, அடுத்த விரல் அடுத்த மடிப்பைத் தள்ள வேண்டும், தலையணை உறைக்குள் பஞ்சை மூலைவரை அடைப்பதுபோல. குழி நிரம்பியதும் இரண்டு கையையும் வைத்துச் சாய வேண்டும். ரத்தத்தை உறையவைக்கும் மருந்து தோய்த்த காஸ் என்றால் குறைந்தது மூன்று நிமிடம், சாதாரணத் துணி என்றால் பத்து நிமிடம் வரை. மார்புக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் எதையும் திணிக்கக் கூடாது. அங்கே முதலுதவிக்காரரால் எட்ட முடியாத இடத்தில் ரத்தம் கசியும். சீக்கிரம் மருத்துவமனைக்குக் கொண்டுபோவது ஒன்றே வழி.

டூர்னிகெட்டைப் பற்றி கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனெனில் அதைச் சுற்றி அச்சமும் தவறான நம்பிக்கையும் மண்டியிருக்கின்றன. கையையோ காலையோ சுற்றி ஒரு பட்டையைக் கட்டி, அதில் ஒரு குச்சியைச் சொருகி முறுக்கி ரத்த ஓட்டத்தையே நிறுத்தும் இந்த முறையை 1674இல் பெசான்சோன் முற்றுகையின்போது எத்தியென் மொரெல் என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர் பயன்படுத்தியதாக வரலாறு சொல்கிறது. 1718இல் ழான் லூயி பெத்தி திருகாணி வைத்த கருவியைச் செய்தார். 'சுழற்று' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்துதான் டூர்னிகெட் என்ற பெயர். உலகப் போர்களில் இதற்குக் கெட்ட பெயர் வந்தது. கட்டிவிட்டு மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் மறந்துபோனதால் காலை வெட்ட வேண்டியதாயிற்று. "டூர்னிகெட் போட்டால் கால் போகும்" என்ற நம்பிக்கை அங்கிருந்து வந்து முதலுதவிப் பாடங்களில் பல பத்தாண்டுகள் குடியிருந்தது. கடைசிப் புகலிடம் என்று சொல்லிச் சொல்லியே அதைப் பயன்படுத்த விடாமல் செய்துவிட்டோம்.

அந்த நம்பிக்கையை உடைத்தது ஈராக் போர். பாக்தாத் ராணுவ மருத்துவமனையில் 2006இல் ஜான் க்ராக் என்ற அறுவை மருத்துவரும் அவர் குழுவினரும் டூர்னிகெட் போடப்பட்டு வந்தவர்களைக் கணக்கெடுத்தார்கள். ரத்தம் இழந்து உடல் தளரும் அதிர்ச்சிநிலைக்குப் (ஷாக்) போகும் முன்பே கட்டப்பட்டவர்களில் 90 சதவீதம் பேர் பிழைத்தார்கள். அதிர்ச்சிநிலைக்குப் போன பிறகு கட்டப்பட்டவர்களில் பிழைத்தது 10 சதவீதம். டூர்னிகெட் காரணமாக மட்டும் யாரும் கையையோ காலையோ இழக்கவில்லை. கடைசியில் செய்யலாம் என்று காத்திருப்பதற்கு என்ன விலை என்பதை இந்த இரண்டு எண்கள் சொல்கின்றன. இரண்டு மணி நேரம் வரை கட்டப்பட்டிருந்தால் நிரந்தரச் சேதம் அரிது என்பது இன்றைய புரிதல்.

காயத்துக்கு மேலே, இதயத்தை நோக்கிய பக்கம், 5 முதல் 7 சென்டிமீட்டர் தள்ளிக் கட்ட வேண்டும். முழங்கால், முழங்கை மூட்டின் மேல் கட்டக் கூடாது. அங்கே எலும்பு குழாய்களைக் காத்துவிடும், பட்டை அமுக்காது. ரத்தம் நிற்கும்வரை குச்சியை முறுக்கி, கொக்கியில் மாட்டி, கட்டிய நேரத்தை எழுதி வைக்க வேண்டும். பிறகு மருத்துவர் சொல்லாமல் தளர்த்தக் கூடாது. வலிக்கும், கடுமையாக வலிக்கும். வலிப்பதால் தவறாகக் கட்டிவிட்டோம் என்று நினைத்து அவிழ்ப்பதுதான் பிள்ளைகள் செய்யக்கூடிய பெரிய பிழை. அதனால் வகுப்பில் ஒவ்வொருவரும் தன் கையிலேயே பட்டையைப் போட்டு, குச்சியை ஒரே ஒரு சுற்று முறுக்கிப் பார்ப்பார்கள். ஒரு சுற்றுக்கே முகம் சுளிப்பார்கள். நிஜத்தில் இரண்டு, மூன்று சுற்று தேவைப்படும் என்று சொன்னதும் வகுப்பு அமைதியாகும். முழுவதுமாக இறுக்குவதைப் பொம்மைக் காலில் மட்டும் செய்ய வேண்டும்.

கையில் கிடைத்த பெல்ட்டையோ துண்டையோ கட்டினால் போதாதா? 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பில் மருத்துவமனைக்கு வரும் முன் 27 டூர்னிகெட்டுகள் கட்டப்பட்டிருந்தன. அத்தனையும் அந்த இடத்தில் கிடைத்ததை வைத்துக் கட்டியவை. பாஸ்டனில் ஓடி வந்து கட்டியவர்களின் தைரியத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ஆய்வு செய்த மருத்துவர்கள் ஒரு சங்கடமான உண்மையைச் சொன்னார்கள். இப்படிக் கட்டியவற்றில் பல, தமனியை அடைக்கும் அளவுக்கு இறுகியிருக்க வாய்ப்பில்லை. சிரைகள் தோலுக்கு அருகில் மென்மையாக இருப்பவை, லேசான இறுக்கத்துக்கே மூடிக்கொள்ளும். தமனி ஆழத்தில் இருப்பது, அழுத்தத்தோடு ஓடுவது. அரைகுறையாகக் கட்டினால் உள்ளே வரும் வழி திறந்தே இருக்கும், திரும்பிப் போகும் வழி மட்டும் மூடும். ரத்தப்போக்கு முன்பைவிட அதிகரிக்கும். ஆகவே நல்ல கருவி இல்லாதபோது பதின்பருவத்தினருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கயிறு தேடி ஓடாதே, உன் இரண்டு கையும் இருக்கிறது, அழுத்து.

பார்த்துக் கற்றது, செய்து கற்றது

2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரு விளையாட்டரங்கின் ஊழியர்கள் 465 பேருக்கு டூர்னிகெட் கட்டும் சோதனை வைத்தார்கள். எந்த உதவியும் இல்லாதவர்களில் சரியாகக் கட்டியவர்கள் 16 சதவீதம். குறிப்பு அட்டையையோ ஒலிவழிகாட்டலையோ கொடுத்தபோது ஓரளவுதான் கூடியது. நேரில் பயிற்சி பெற்று உடனே கட்டியவர்களில் 88 சதவீதம் பேர் சரியாகக் கட்டினார்கள். ஆனால் மூன்று முதல் ஒன்பது மாதம் கழித்து மீண்டும் சோதித்தபோது அது 55 சதவீதமாக இறங்கியிருந்தது. அவர்கள் பெரியவர்கள், நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள். அவர்களுக்கே இப்படி.

பள்ளிகளுக்கு இதில் இரண்டு செய்திகள் உண்டு. சுவரில் ஒரு பெட்டியை மாட்டி, பக்கத்தில் படம் ஒட்டிவிட்டால் கடமை முடிந்ததாக நினைப்பது தவறு. ஆண்டு விழாபோல ஒரு நாள் முழுக்கப் பயிற்சி நடத்திப் புகைப்படம் எடுத்துக்கொள்வதும் போதாது. முதலில் ஒரு மணி நேரம், பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை பத்து நிமிடம் கைப்பயிற்சி என்று பிரித்துவைப்பது நல்லது. அந்தப் பத்து நிமிடத்தை உடற்கல்வி வகுப்பின் முடிவில், மூச்சு வாங்கிக்கொண்டு கை நடுங்கும்போது வைத்தால் இன்னும் நல்லது. நிஜத்தில் கை நடுங்கத்தான் போகிறது.

உறைந்து நிற்பதும் மயங்கி விழுவதும்

கூட்டம் கூடுவதால் உதவி கூடுவதில்லை. 1968இல் சமூக உளவியலாளர்கள் ஜான் டார்லியும் பிப் லத்தானேயும் நடத்திய சோதனை ஒன்றில், இன்னொருவருக்கு வலிப்பு வந்ததைக் கேட்டது தான் மட்டும்தான் என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர், அவர் பேசி முடிக்கும் முன்பே உதவிக்குக் கிளம்பினார்கள். இன்னும் நான்கு பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 சதவீதம் பேரே கிளம்பினார்கள். பதின்பருவத்தில் இது இன்னும் வலுவாக இருக்கும் என்பது என் அனுபவம். நான்கு பேர் முன்னால் தப்பாகச் செய்து கேலிக்கு ஆளாகிவிடுவோமோ என்ற அச்சம் அந்த வயதில் மரண அச்சத்தைவிடப் பெரிது. எனவே வாயால் சொல்லும் வரிகளையும் கைப்பயிற்சிபோலவே பழக்க வேண்டும். "யாராவது ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க" என்று கத்தினால் எல்லோரும் இன்னொருவரைப் பார்ப்பார்கள். "நீல சட்டை அண்ணா, நீங்க கூப்பிடுங்க, கூப்பிட்டுட்டு என்கிட்ட வந்து சொல்லுங்க" என்றால் அந்த அண்ணன் அசைவார். சத்தம் போட்டுச் சொல்ல வைக்க வேண்டும். முதல்முறை முணுமுணுப்பார்கள், கூச்சப்படுவார்கள்; நான்காம் முறை குரல் வந்துவிடும்.

ரத்தத்தைப் பார்த்தால் மயங்குபவர்கள் ஒவ்வொரு பெரிய வகுப்பிலும் ஒருவர் இருவர் இருப்பார்கள். இதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்வது ஆசிரியரின் பொறுப்பு. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் திடீரென்று சரிவதால் வரும் உடல் எதிர்வினை அது. ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் லார்ஸ் யோரான் ஓஸ்ட் இதற்கென்றே ஓர் எளிய முறையை உருவாக்கினார். கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 நொடி இறுக்கிப் பிடித்து, முகத்தில் சூடு ஏறுவதை உணர்ந்ததும் விட்டு, சற்று இடைவெளி விட்டு மீண்டும் இறுக்குவது. ரத்த அழுத்தம் விழாமல் காக்கும். போலி ரத்தத்தைக் கண்டு வெளிறிப்போய்ச் சுவரோரம் உட்கார்ந்த ஒரு மாணவி, இதைச் செய்துகொண்டே மூன்றாம் சுற்றில் வந்து மண்டியிட்டு அழுத்தியதைப் பார்த்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டுதான் அழுத்தினாள். கையை எடுக்கவில்லை.

போலி ரத்தத்தை அளவோடு பயன்படுத்த வேண்டும். அதிர்ச்சி கொடுத்தால் நன்றாக நினைவில் நிற்கும் என்று சிலர் பயங்கரமான படங்களைக் காட்டுகிறார்கள். நினைவில் நிற்பது படம்தான், பாடம் அல்ல. வகுப்பில் விபத்தில் உறவினரை இழந்தவர் இருக்கலாம். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பழக்கத்தோடு போராடும் பிள்ளை இருக்கலாம். என்ன செய்யப்போகிறோம் என்பதை முதல் நாளே சொல்லி, விரும்பாதவர் காரணம் சொல்லாமல் விலகி இருக்க வழி வைத்து, மனநல ஆலோசகர் ஒருவருக்கும் தெரிவித்துவிட்டுத் தொடங்குவதே முறை.

அதே சமயம், இந்தப் பாடம் வன்முறையின் பக்கத்தில் வாழும் பிள்ளைகளுக்கு வேறொரு கதவையும் திறக்கிறது. பிரிட்டனில் 'ஸ்ட்ரீட் டாக்டர்ஸ்' என்ற தொண்டு அமைப்பின் வழியாக, மருத்துவ மாணவர்களும் இளம் மருத்துவர்களும் கத்திக்குத்து அபாயத்தில் இருக்கும் இளையோருக்கு ரத்தப்போக்கை நிறுத்தக் கற்றுக்கொடுக்கிறார்கள். காலில் குத்தினால் உயிர் போகாது, மிரட்டத்தானே என்று நினைக்கும் இளைஞனுக்கு, தொடைத் தமனி எங்கே ஓடுகிறது, அது அறுபட்டால் எத்தனை நிமிடம் இருக்கிறது என்று காட்டினால் அந்த நினைப்பு ஆட்டம் காண்கிறது. உடலில் குத்துவதற்குப் பாதுகாப்பான இடம் என்று ஒன்று இல்லை என்பதை உபதேசமாகச் சொன்னால் அவன் கேட்க மாட்டான். உடற்கூறாகச் சொன்னால் கேட்பான்.

அதன் பிறகு

நல்ல பயிற்சிகளும் தவறவிடும் ஒரு பகுதி உண்டு. ஆம்புலன்ஸ் வந்து அடிபட்டவரை ஏற்றிக்கொண்டு போய்விட்ட பிறகு, அந்தப் பதினாறு வயதுப் பிள்ளை கையெல்லாம் ரத்தத்தோடு சாலையோரத்தில் நிற்கும். அந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள்.

வகுப்பில் எப்போதும் வரும் கேள்வி, "நான் எல்லாம் சரியா செஞ்சும் அவங்க செத்துட்டா?" என்பது. சிலர் மெதுவாக, எல்லோரும் போன பிறகு வந்து கேட்பார்கள். மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். சில காயங்களை அறுவை அரங்கிலேயே நிறுத்த முடிவதில்லை. நீ அழுத்தியதால் அவருக்குக் கிடைத்தது நேரம். அந்த நேரத்துக்குள் மற்றது நடந்ததா என்பது உன் கையில் இல்லை. இதைப் பயிற்சியின்போதே, எதுவும் நடக்கும் முன்பே சொல்லி வைக்க வேண்டும். நடந்த பிறகு சொன்னால் அது ஆறுதல் வார்த்தையாகத்தான் காதில் விழும்.

முதல் சில நாட்கள் தூக்கம் கெடுவதும், அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருவதும், ரத்தத்தின் வாடை மூக்கை விட்டுப் போகாததும் இயல்பு. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அடங்கிவிடும். அடங்காதவர்களைக் கண்டுபிடிக்க ஒரு பெரியவர் பொறுப்பெடுத்துக்கொள்ள வேண்டும், வகுப்பாசிரியரோ பயிற்சியாளரோ வீட்டில் ஒருவரோ. முதல் நாள் எல்லோரும் விசாரிப்பார்கள், பாராட்டுவார்கள், சில நேரம் மேடையேற்றவும் செய்வார்கள். இரண்டாம் வாரம் யாரும் கேட்பதில்லை. அந்த இரண்டாம் வாரத்தில் ஒரு நாளைக் குறித்துவைத்துக்கொண்டு, கூட்டத்தில் அல்லாமல் தனியாகக் கூப்பிட்டு, "ராத்திரி தூங்குறியா?" என்று கேட்க வேண்டும்.